டிராக்டர் அக்காவும் திரும்பி நின்ற சக்கரங்களும்

டிராக்டர் அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால், டிரெய்லர் நிறைய மண்ணை இழுத்துக்கொண்டு எதிரே ஒருத்தி வரும்போது, மரியாதையாக எதையாவது சொல்லிவிட்டு ஓரம் கட்டத்தான் யாருக்கும் தோன்றும். அந்த அவசரத்தில் வயதையா விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? அவளும் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அவள் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல, ஆத்திரப்பட்டு. வாடகைக்கு விடலாம் என்று புருஷன் வாங்கிப்போட்ட வண்டிக்கு ஒரே வருஷத்தில் மூன்று டிரைவர்கள் வந்தார்கள். ஒருவன் தூங்குவான், ஒருவன் டீசல் விற்பான், மூன்றாவது ஆள் சாவியோடு கம்பி நீட்டிவிட்டான். சாவியைத் துரத்தி வாங்கிக்கொண்டு வந்த அக்கா, அன்று மாலையே சீட்டில் ஏறி உட்கார்ந்தவள்தான். பதினோரு வருஷமாக இறங்கவில்லை. செங்கல் சூளைக்கு மண் அடிப்பது அவள்தான். ஊருக்கு வெளியே பெரிய பள்ளம் தோண்டி மண் எடுக்கிறார்கள். பள்ளத்துக்குள் இறங்கி, லோடு ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கச் சரிவில் மேலே ஏறி வர வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு நடை.

புருஷனுக்கு டயர்க் கடை. ஊரில் அவர் பெயர் புரொபசர். காற்றடிக்க வந்த சைக்கிள்காரனுக்குக்கூட ரப்பர் மரத்திலிருந்து ஆரம்பிப்பார். பஞ்சர் ஒட்டக் கால் மணி நேரம், அதைப் பற்றிப் பேச முக்கால் மணி நேரம். சும்மா சொல்லக் கூடாது, விஷயம் தெரிந்த மனுஷன். டயரைத் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தெரிந்த விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியாது.

மூன்றாவதாக ஒருத்தரைச் சொன்னால் வீட்டு ஆட்கள் முடிந்தார்கள். புரொபசரின் தம்பி, அக்காவின் கொழுந்தன். எல்லோருக்கும் சின்னவர். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாலும் அவர் மனசெல்லாம் அண்ணியின் டிராக்டர் சீட்டில்தான். நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துப் போனில் போடுவார். அதைப் பார்த்துவிட்டு ஒரு தடவை இரண்டு பேர் உழவுக்கு வண்டி கேட்டு அவருக்கே போன் செய்துவிட்டார்கள். அந்தப் பெருமை அவருக்கு ஆறு மாசம் தாங்கியது.

இனி வினை ஆரம்பித்த நாளுக்கு வருவோம். காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் ஒரு வாரம் பாத்திக்கு இடையில் உழவு ஓட்டக் கூப்பிட்டார். அவருடைய பாத்திகள் கொஞ்சம் அகலம். டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டையும் இன்னும் தள்ளி வைத்தால்தான் செடியை மிதிக்காமல் போக முடியும். அது பெரிய வித்தை இல்லை. சக்கரத்தின் நடுத்தட்டு ஒரு பக்கம் குழிந்திருக்கும். கழற்றித் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலம் கூடிவிடும். அன்றைக்கு அக்கா ஊரில் இல்லை, தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சக்கர வேலை புரொபசர் தலையில் விழுந்தது. டயர் விஷயத்தில் அவருக்கு யாராவது யோசனை சொல்ல முடியுமா? ஒன்றும் சொல்லாமல்தான் போனாள்.

அக்காவுக்குத் தெரியாததை உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். திருப்பி மாட்டும்போது இடது சக்கரத்தை வலது பக்கத்துக்கும் வலது சக்கரத்தை இடது பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டயரின் மேலே அம்பு அம்பாகப் புடைத்திருக்கும் பட்டன்கள் பின்னோக்கித் திரும்பிவிடும். இது புரொபசருக்குத் தெரியாததா? நூறு பேருக்குப் பாடம் எடுத்தவர். ஆனால் சக்கரத்துக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் வேறு நிரப்பியிருந்தது. அதை உருட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவதென்றால் இடுப்பு கழன்றுவிடும். உதவிக்கு நின்ற சின்னவரிடம் அந்த நேரம் பார்த்து அவர் கப்பல் டயர்களைப் பற்றி ஒரு பிரசங்கம் ஆரம்பித்திருந்தார். கப்பலுக்கு எதற்கு டயர் என்று சின்னவர் கேட்டுத் தொலைத்தார். பேச்சு சுவாரசியத்தில் இருந்த இடத்திலேயே இரண்டு சக்கரத்தையும் திருப்பி, நட்டுகளை முறுக்கி, கையைக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தோட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. காய்ந்த மண், லேசான வேலை. அது முடிந்து, சக்கரத்தை அப்படியே விட்டு, சூளைக்குத் திரும்பிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அக்காவின் போதாத காலமும் பிடித்துக்கொண்டது.

மழை விட்ட காலையில் முதல் லோடு. பதினோரு வருஷமாக ஏறும் அதே சரிவு, இதைவிட மோசமான சேற்றிலும் ஏறியிருக்கிறாள். பாதியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆக்சிலேட்டரைக் குறைத்தாள், கியரை மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. டிராக்டர் மெதுவாகப் பின்னால் நழுவ, டிரெய்லர் கோணிக்கொண்டு பள்ளத்துப் பக்கமிருந்த சரிவின் விளிம்பைத் தேடிப் போனது. விளிம்புக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை அரை முழம்.

வேடிக்கை என்னவென்றால், லோடைக் கொட்டிவிட்டு டிரெய்லரைக் கழற்றி ரிவர்ஸ் போட்டால், அதே சேற்றில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்த சின்னவர் சும்மா இருப்பாரா?

"அண்ணிக்கு இப்பல்லாம் ரிவர்ஸ்தான் நல்லா வருது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவராவது அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சூளைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ பன்னெண்டு பேர் மண்ணு வெட்டுறாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? வண்டி உங்க வண்டியே ஓடட்டும். ஆள மட்டும் மாத்திடுங்களேன்."

"எனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு யாரு சொன்னா? வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

அவருக்கு வயது அறுபத்திரண்டு.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். புரொபசர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிக் காற்றுச் சரியாக இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். பட்டன் எல்லாம் சேறு அப்பி மூடிக் கிடந்தது, அது எந்தப் பக்கம் பார்த்தால் அவருக்கென்ன. பிறகு மனைவியின் கண் பக்கம் திரும்பினார்.

"டயருல ஒண்ணும் இல்லம்மா. நாப்பத்தஞ்சு தாண்டினா கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. காலும் கிளச்சுல தாமதமாத்தான் போகும். இது விஞ்ஞானம்."

கண் டாக்டரிடம் போனாள். அவர் சுவரில் இருந்த கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார். படித்தாள். அதற்கும் கீழே சின்னதாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள். டாக்டர் எழுந்து போய்ச் சுவரருகே நின்று சரிபார்த்துவிட்டு வந்து, கண்ணில் கோளாறு இல்லை என்றார். அப்படியானால் கால்தான். சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத கிளச்சை இடது காலால் மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தாள். நேரம் போனதே தெரியவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அதைத் துடைக்கும்போது, பாலைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாதவள் பன்னிரண்டு பேர் உயிரை எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். அதுதான் அவளுக்கு மிகவும் வலித்த கேள்வி. அன்று சாயங்காலம் சாவியைச் சின்னவரின் கையில் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை சின்னவர் புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி சகிதம் கிளம்பினார். வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அக்கா எட்டிப் பார்க்கவில்லை. பாத்திரத்தைக் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். போகக் கூடாது என்று மனசு சொன்னதைக் கால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மண் பாதையில் பதினோரு வருஷம் போய் வந்திருக்கிறாள், ஒரு நாளும் நடந்ததில்லை. வண்டியில் இருப்பவருக்கு முன்னால் உள்ள பாதைதான் தெரியும், சொந்தத் தடம் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். போதாததற்கு, முன்பெல்லாம் டிராக்டர் தடத்தின் மேலேயே டிரெய்லர் சக்கரம் ஏறி அழித்துவிடும். இப்போது டிராக்டரின் சக்கரங்கள் அகன்றுவிட்டதால், தடம் இரண்டு ஓரத்திலும் தனியாக, அச்சில் வார்த்ததுபோல் ஈர மண்ணில் பதிந்து கிடந்தது.

அக்கா நின்றாள். அம்பு முனையும் இரண்டு சிறகுமாக வரிசையாகக் கிடந்த பட்டன் அச்சுகளைப் பார்த்தாள். டிராக்டர் தடத்தைப் படிப்பது அவளுக்குச் சுவரெழுத்தைப் படிப்பது மாதிரி. சரியாக மாட்டிய டயரில் முனை முதலில் தரையைத் தொடும், சிறகுகள் பிறகு வந்து விழும். அதனால் முனை வண்டி வந்த பக்கத்தைக் காட்டும், விரிந்த வாய் வண்டி போகும் பக்கத்தைப் பார்க்கும். இங்கே முனையெல்லாம் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, வாயெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'இந்தக் கிறுக்கன் வீட்டிலேருந்து ரிவர்ஸ்லயா போயிருக்கான்?'

முதலில் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நொடி அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்து வேலை, ஆஸ்பத்திரி, சேற்றில் ரிவர்ஸ் மட்டும் ஒழுங்காக வந்தது, எல்லாம். பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் இன்னொன்று ஏறியது. லோடோடு சரிவில் ஏறப்போகிறவர் சின்னவர். அவருக்கு வழுக்கினால் என்ன செய்வதென்று தெரியாது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வண்டி சரிவில் பாதி ஏறியிருந்தது. கைகளை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். சின்னவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையை ஆட்டினார். அதே இடத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பட்டன் இடுக்கெல்லாம் சேறு அடைத்து, டயர் மழமழவென்று உருண்டது. வண்டி பின்னால் நழுவியது. சின்னவரின் கறுப்புக் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணி!"

"கீழ இருக்கறவங்கல்லாம் ஓரமாப் போங்க! டேய், கிளச்சத் தொடாத! ஆக்சிலேட்டர விடு! ஸ்டியரிங்க நேராப் புடி!"

"அண்ணீ!"

"கத்தாத! நேராப் புடி! என் மூஞ்சியப் பாரு, வேற எங்கயும் பாக்காத!"

அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டே சின்னவர் டிராக்டரோடும் டிரெய்லரோடும் சறுக்கிக்கொண்டு பின்னால் போனார். கோணாமல் போனார், அதுதான் முக்கியம். கீழே வெட்டிப் போட்டிருந்த மண்குவியலில் டிரெய்லரின் பின்புறம் புதைந்து வண்டி நின்றது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. சின்னவர் இறங்கினார். கால் தரையில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியிலதான் அண்ணி கோளாறு," என்றார். "சத்தியமா உங்க மேல இல்ல."

இந்த நேரத்துக்குத்தான் புரொபசர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். தம்பியின் முதல் நாள், நாலு வார்த்தை புத்தி சொல்லலாம் என்று வந்தவர். சூளைக்காரர் வெளிறிய முகத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரொபசரே, ஆள மாத்தியும் வழுக்குதே! என்னதான் ஆச்சு இந்த வண்டிக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள். ஒரே வரியில் சொல்லி மானத்தை வாங்கியிருப்பாள். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள். சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றை ஒரு குச்சியால் வழித்துவிட்டு, "நீங்களே வந்து பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

புரொபசர் வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பாடம் எடுக்க விஷயம் கிடைத்துவிட்டதே!

"எல்லாரும் இங்க வாங்க! இதப் பாருங்க. பின்னாலேருந்து பாக்கறப்ப அம்பு முனை மேல பாக்கணும். இங்க கீழ பாக்குது. முனை மொதல்ல மண்ணுல எறங்கினாத்தான், சேற நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் தள்ளிவிடும். டயரு தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும். திருப்பி மாட்டினா என்ன ஆகும்? சேற வாரி வாரி நடுவுல அடைச்சுக்கும். அப்புறம் அது டயர் இல்ல, உருண்டக்கட்டை. முன்னால போக வழுக்கும், பின்னால போக மட்டும் புடிக்கும். இழுத்துட்டுப் போற டிரெய்லர்ல வேணும்னே திருப்பிப் போடுறவங்க உண்டு, அது வேற கணக்கு. இழுக்குற சக்கரத்துல இப்படிப் போட்டா, சரிவுல ஆளையே கொன்னுடும்!"

மண்வெட்டிகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். உண்மையிலேயே பிரமாதமான பேச்சு. வாழ்க்கையில் அவர் இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசியதே இல்லை. அந்தக் குஷியில் குரலை இன்னும் உயர்த்தினார்.

"எந்த மடையன் இத மாட்டினான்? டயரப் பத்தி அரிச்சுவடிகூடத் தெரியாதவன்! அவன் கையில ஸ்பேனரக் குடுத்தது யாரு?"

தரையில் உட்கார்ந்திருந்த சின்னவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அண்ணே. நான்தாண்ணே ஸ்பேனரக் குடுத்தேன். கப்பலப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்களே, அன்னைக்கு."

பாடம் எடுக்கத் தூக்கியிருந்த புரொபசரின் கை தூக்கியபடியே நின்றது. யாரோ ஒருவன் 'களுக்'கென்று ஆரம்பித்தான். அதன் பிறகு அந்தப் பள்ளத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பயந்த மனுஷரான சூளைக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பயம் தெளிந்த சிரிப்பு அது. அக்கா சிரிக்கவில்லை. வண்டியின் அடியில் பலகை போட்டு ஜாக்கி வைக்கச் சொன்னாள்.

டிரெய்லரைக் கழற்றி, ஆளுக்கொரு கை பிடித்து, இடதை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் உருட்டிக் கொண்டுபோய் மாட்ட மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீர் நிரப்பிய சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர் தேவைப்பட்டார்கள். புரொபசர் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார், வாயே திறக்கவில்லை. யாரோ சந்தேகம் கேட்டதற்குக்கூட "ம்" என்றார். ஊரில் யார் சொன்னாலும் இதை நம்ப மாட்டார்கள்.

அக்கா சீட்டில் ஏறினாள். சின்னவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நல்ல தூரமாகப் போய் நின்றார். டிரெய்லரில் முழு லோடு. சரிவில் பாதி வந்ததும் அவள் கண் தானாக விளிம்பின் பக்கம் போனது. வண்டிக்கு அந்தப் பயமெல்லாம் தெரியவில்லை. சேற்றை இரண்டு பக்கமும் விசிறி அடித்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், நிற்காமல் மேலே ஏறியது. கீழே கைதட்டினார்கள். சூளைக்காரர் ஓடிவந்து, ஆள் மாற்றச் சொன்ன வாயை அடுப்பில் வைக்க என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். புரொபசர் மூச்சு வாங்க ஏறி வந்து சக்கரத்துப் பக்கத்தில் நின்றார். கையெல்லாம் கிரீஸ்.

"என்னங்க," என்றாள் அக்கா. "ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா? என் காலும் கண்ணும் போயிடுச்சுன்னு நீங்க உண்மையாவே நம்பினீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். விளக்கம் சொல்ல அவரிடம் ஆயிரம் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

"நம்பிட்டேம்மா."

அக்காவுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நானும் நம்பிட்டேங்க," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாள். இருட்டுவதற்குள் இன்னும் நான்கு நடை பாக்கி இருந்தது.